பெரியம்மாவுக்கு இடம் தேடி கோவைக்கு

“ஆடி மாதத்தில் போய் யாராவது வீடு பார்ப்பார்களா?” என்று எங்கள் எதிர் ஃப்ளாட் அம்மாள் கேட்டார். “பார்க்கத்தானே போறோம், பால் காய்ச்சவா போறோம்?” என்றாள் பெரியம்மா. அன்று ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் கீழ் பர்த்தில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தவள், கண் விழித்தது திருப்பூர் தாண்டித்தான். எனக்குத்தான் பொட்டுத் தூக்கம் இல்லை.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. கும்பகோணத்தில் முப்பத்து நாலு வருஷம் கணக்கு டீச்சர். வயது 79. பெரியப்பா காலமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது; குழந்தைகள் இல்லை. என் அம்மாவும் போன பிறகு, ஒரு ஆபத்து என்றால் உரிமையோடு ஓடிப்போக நான் ஒருத்திதான். போன சித்திரையில் ஒருநாள் விடியற்காலை, பாத்ரூம் வாசற்படி தடுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பால்காரர் வந்து கதவைத் தட்டுகிற வரை ஒன்றரை மணி நேரம் ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறாள். மாவுக்கட்டுப் பிரித்த மறுநாளே எனக்குப் போன் வந்தது. “நல்ல ஹோமா ஒண்ணு பாரு. நான் போறேன்.”

“ஏன், எங்க வீடு இல்லையா பெரியம்மா?” என்றேன்.

“இருக்கு. லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி. அது போகட்டும், உன் வீட்டுல நான் விருந்தாளி. காபி ஆறிப்போயிருந்தாக்கூட வாயைத் திறக்க மாட்டேன். பணம் கட்டுற இடத்துல கேட்பேன்.”

கணக்கு டீச்சரிடம் வாதாடி ஜெயித்தவர் யார்?

முதியோர் இல்லம் என்றாலே, பெற்றவர்களைத் தெருவில் விட்ட மாதிரிதான் நம்மில் பலருக்கு இன்னமும் நினைப்பு. 1978-ல் சாவித்திரி வைத்தி அவர்கள் சென்னையில் ஆதரவற்ற வயதான பெண்களுக்காக ‘விச்ராந்தி’யை ஆரம்பித்த காலத்தில் அந்த நினைப்பு இன்னும் எத்தனை பலமாக இருந்திருக்கும்! 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வேறு ஊரில், வேறு தேசத்தில். இன்று இலவச இல்லம் தொடங்கி, லட்சக்கணக்கில் முன்பணம் வாங்குகிற வில்லா வரை எல்லாம் வந்துவிட்டது. அதனால், போகலாமா கூடாதா என்ற பட்டிமன்றத்தை நான் இங்கே நடத்தப் போவதில்லை. போவது என்று முடிவான பிறகு, அங்கே பத்திரமாக இருப்பார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரயிலில் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது அந்தக் கேள்விதான். என் மாமியார் கடைசி இரண்டு வருஷம் படுத்த படுக்கையாக இருந்தார். நான்தான் பார்த்துக்கொண்டேன். நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஒருத்தரைப் புரட்டிப் படுக்க வைப்பது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். முன்பின் தெரியாத பாட்டிக்கு, சம்பளத்துக்கு வருகிற ஒரு பெண் அதை எப்படிச் செய்வாள்?

சரி, ஏன் கோயம்புத்தூர்? முதல் காரணம் ஊரின் சீதோஷ்ணம். காலை ஆறு மணிக்கு ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று புடவைத் தலைப்பைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. மேற்கே மலை, தலையில் மேகம். சென்னைப் புழுக்கத்திலிருந்து வந்தவளுக்கு மூச்சு விடுவதே ஒரு சுகமாக இருந்தது. சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றிக் கோவைக்காரர்கள் பீற்றிக்கொள்வது கொஞ்சம் ஜாஸ்தி என்று நினைத்திருந்தேன். ஒரு டம்ளர் குடித்த பிறகு ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆஸ்பத்திரிகளுக்கும் குறைவில்லாத ஊர். அதனாலோ என்னவோ, பேரூர், தொண்டாமுத்தூர், வடவள்ளி, மேட்டுப்பாளையம் ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் ஓய்வுபெற்றவர்களுக்கான குடியிருப்பு ஒன்று கண்ணில் படுகிறது.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். பெரியம்மாவிடம் படித்த ஒரு பெண் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, இங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, மேற்பார்வையாளராக ரிடையர் ஆனவர். அறுபத்திரண்டு வயது. பெரியம்மாவுக்கு மட்டும் இன்னும் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு! ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். “டீச்சர், தோட்டத்தையும் கோயிலையும் கடைசில பார்ப்போம். நேரா பாத்ரூமைக் காட்டச் சொல்லுங்க” என்றார், காரில் ஏறின உடனேயே.

முதலில் போனது பேரூர் தாண்டி, சிறுவாணி ரோட்டின் பக்கம் ஒரு பெரிய குடியிருப்பு. அடடா, என்ன தோட்டம்! வரிசையாகத் தென்னை, நடக்கிறதுக்குக் கல் பாவிய பாதை, பிள்ளையார் கோயில், நூலகம், சாப்பாட்டுக் கூடம். பேட்டரி வண்டி வந்து நம்மை ஏற்றிக்கொள்கிறது. சாப்பாடும் ஜோர், அவியலை நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நடையுடையாக இருக்கிற அறுபத்தைந்து வயதுத் தம்பதிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? நிஜமாகவே சொல்கிறேன், எனக்கே அங்கே தங்கிவிடலாமா என்றிருந்தது.

பிறகு பாத்ரூம். தரையெல்லாம் கண்ணாடி மாதிரி பளபள டைல்ஸ். சுவரில் பளிச்சென்று ஒரு எவர்சில்வர் கம்பி. நர்ஸம்மா அதைப் பிடித்து உடம்பின் கனத்தை லேசாகக் கொடுத்தார். திருகு ஆடியது. “இது துண்டு போடற கம்பிங்க. ஆள் பிடிக்கற கம்பி இல்லை” என்றார் மெதுவாக. அழைப்பு மணியின் பொத்தான் கட்டில் தலைமாட்டில் இருந்தது. பாத்ரூமில் சுவிட்ச் போர்டின் உயரத்தில். “விழுந்து கிடக்கறவ எழுந்து நின்னுதான் மணி அடிக்கணுமா?” என்று பெரியம்மா கேட்டாள்.

கூட வந்த மேனேஜர் சிரித்துக்கொண்டே, “பயப்படாதீங்கம்மா, நாங்க ஆரம்பிச்சு பத்து வருஷமாச்சு. இங்க இதுவரைக்கும் யாருமே விழுந்ததில்லைங்க” என்றார்.

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வகுப்பில் தப்பான விடையைக் கேட்டால் அவள் செய்கிற காரியம் அது. “எத்தனை பேர் இருக்காங்க?”

“இருநூறு பேருங்கம்மா.”

“இருநூறு கிழவன் கிழவி பத்து வருஷமா விழவே இல்லைன்னா, ஒண்ணு யாரும் நடக்கலை, இல்லைன்னா யாரும் எழுதி வைக்கலை.”

மேனேஜர் பேச்சை மாற்றிக் கிளினிக்கைக் காட்டினார். ஆனால், அந்த வாக்கியத்தைத்தான் நான் அந்த இரண்டு நாளும் கையில் அளவுகோலாக வைத்துக்கொண்டு அலைந்தேன்.

ஒப்பந்தப் பத்திரத்தையும் வாங்கிப் படித்தோம். படுக்கையில் விழுந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று நாலாவது பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: தாமாக நடமாட முடியாதவர்களைக் குடும்பத்தார் ‘தகுந்த மாற்று இடத்துக்கு’ அழைத்துக்கொள்ள வேண்டும். அதாவது, உதவி தேவைப்படாத வரைக்கும்தான் உதவி! பல ‘ஓய்வுக் குடியிருப்பு’களில் இப்படித்தான், அது மோசடியில்லை, அவர்கள் நடத்துவது வேறு விதமான இடம். நாம்தான் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு முன்பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

இரண்டாவது இடத்தைப் பற்றி எழுத எனக்கு மனசே வரவில்லை. ஊருக்குள் ஒரு சந்தில் வாடகை வீடு. யாரோ நண்பர் “சிக்கனமான இடம், ஆஸ்பத்திரி பக்கத்திலேயே” என்று சொல்லியிருந்தார். வாசல் கிரில் கேட்டில் பூட்டு. மணியடித்துப் பத்து நிமிஷம் நின்றோம். சாவி வைத்திருந்த பெண் மாடியில் யாரையோ குளிப்பாட்டிக்கொண்டிருந்தாளாம். “தீப்பிடிச்சா?” என்று நர்ஸம்மா தனக்குத்தானே முணுமுணுத்தார்.

உள்ளே நுழைந்ததும் முகத்தில் அடித்தது ஃபினாயில் வாசனை, அதற்குள்ளே இன்னொரு வாசனை. காலை பதினோரு மணி. டி.வி. பெரிசாக அலறிக்கொண்டிருக்க, பதினெட்டுப் பேரில் பாதிப் பேர் தூங்குகிறார்கள். வயதானவர்கள் பகலில் கண்ணயர்வது சகஜம்தான். ஆனால், சாப்பாட்டு வேளைக்கு ஒரு மணி நேரம் முன்னால் இத்தனை பேர் வாய் திறந்து தூங்குவது சகஜமில்லை என்றார் நர்ஸம்மா. ஆள் பற்றாத இடங்களில் தூக்க மாத்திரைதான் மலிவான ஆயா. அந்த மாத்திரையின் மயக்கத்தில் எழுந்து நடந்துதான் பலர் விழுவதும்.

ஒரு பாட்டியை நாற்காலியோடு சேர்த்து இடுப்பில் துண்டால் கட்டியிருந்தார்கள். “எழுந்திரிச்சு விழுந்துடறாங்க, அவங்க நல்லதுக்குத்தான்” என்றாள் அங்கிருந்த பெண். அவளைக் கோபித்து என்ன பிரயோஜனம்? பதினெட்டுப் பேருக்குப் பகலில் அவளும் இன்னொருத்தியும். ராத்திரியில் அவள் ஒருத்தி மட்டும். கட்டிப் போடுவதால் விழுவது நிற்பதில்லை. நடக்கிற கால்தான் நாளடைவில் நின்றுபோகிறது.

நான் அந்த நாற்காலியைத் தாண்டும்போது பாட்டி என் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். “தண்ணி” என்றார். டம்ளர் ஜன்னல் மேடையில் இருந்தது. அவர் கை எட்டாத தூரத்தில். எடுத்துக் கொடுத்தேன். மூச்சு விடாமல் குடித்து முடித்து, டம்ளரை என்னிடம் தராமல் மடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகுதான் நர்ஸம்மா விளக்கினார். நிறையத் தண்ணீர் குடித்தால் அடிக்கடி துணி மாற்ற வேண்டுமே! அதனால், டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுவதாம். வயதானால் தாகமே மந்தமாகிவிடும். கேட்காவிட்டாலும் நாம்தான் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, அதைத் தொடர்ந்து திடீரென்று புத்தி தடுமாற்றம். வீட்டுக்காரர்கள் ‘பாட்டிக்கு மறதி வந்துவிட்டது’ என்பார்கள். பாதி சமயம் அது மறதியே இல்லை, தொற்றுதான். இதை நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று உளறினால் டாக்டரிடம் காட்டாமல் இருக்காதீர்கள்.

பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நர்ஸம்மா போனை எடுத்து 14567-க்குப் போட்டார். முதியோருக்கான இலவச உதவி எண் அது. பூட்டிய கேட், கட்டிய பாட்டி, எட்டாத டம்ளர் எல்லாவற்றையும் விலாசத்தோடு நிதானமாகச் சொன்னார். மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுப்பதாகச் சொல்லி, அன்று மாலையே எழுதினார்; நானும் கையெழுத்துப் போட்டேன். 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டத்தின் கீழ் முதியோர் இல்லங்களைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்க நாம் கூச்சப்படவே வேண்டியதில்லை. ஆடி முடிவதற்குள் அதிகாரிகள் வந்து பார்த்து, அந்தப் பாட்டியையும் இன்னும் சிலரையும் வேறு இடத்துக்கு மாற்றினார்களாம். மற்றவர்களைப் பற்றி நர்ஸம்மா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் பெரியம்மாவைப் பேரூர் கோயிலுக்கு அழைத்துப் போனோம். பட்டீஸ்வரர் சந்நிதியில் ரொம்ப நேரம் நின்றாள். கனகசபைத் தூண்களில் இருக்கிற சிற்பங்களை அண்ணாந்து பார்க்க முடியாமல் கழுத்து வலிக்கிறது என்று உட்கார்ந்துகொண்டாள். நொய்யல் பக்கமிருந்து காற்று வீசியது. “அந்தப் பொம்மனாட்டி டம்ளரை மடில வச்சுண்டாளே, பார்த்தியா?” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் துடியலூர் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு கிளைச் சாலையில் மூன்றாவது இடம். ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. பழைய ஓட்டு வீடு, அதை ஒட்டிப் புதிதாக ஒரு கட்டடம், நாற்பத்திரண்டு பேர். தோட்டம் என்று சொல்வதற்கு நாலு வாழை, ஒரு கறிவேப்பிலை மரம். வாசலில் ஒரு தாத்தா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் அதே பேப்பரின் நடுப்பக்கத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சண்டை சத்தமே நிம்மதியாக இருந்தது.

“பாத்ரூமைப் பார்க்கணுமுங்களா? வாங்க” என்றார் மேனேஜர். நாங்கள் கேட்கும் முன்னாலேயே! சொரசொரப்பான தரை. வாசற்படி கிடையாது, சாய்தளம். கம்மோடுக்கு இரு பக்கமும் சுவரோடு பதித்த கனத்த கம்பி. நர்ஸம்மா தொங்கியே பார்த்துவிட்டார்! குளிக்க உட்கார முதுகு வைத்த நாற்காலி. மணிக்கு ஒரு கயிறு, தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை தொங்குகிறது. எல்லாவற்றையும்விட, கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. ஏன் என்கிறீர்களா? உள்ளே விழுந்தவர் கதவின் மேலேயே சாய்ந்து கிடந்தால், உள்பக்கமாகத் திறக்கும் கதவை எப்படித் தள்ளுவது? தாழ்ப்பாளையும் வெளியிலிருந்து காசு விட்டுத் திருப்பித் திறக்கலாம். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் எனக்கு இது தோன்றியதில்லை. ஊருக்கு வந்ததும் எங்கள் பாத்ரூம் கதவை இப்படி மாற்றி மாட்டச் சொல்லி ஆசாரியை வரவழைத்தேன். ஆயிரத்துச் சொச்சம்தான் ஆயிற்று.

“இங்கே யாராவது விழுந்திருக்காங்களா?” என்று பெரியம்மா தன் கேள்வியைப் போட்டாள்.

“விழறாங்கம்மா. விழாம எப்படி?” என்று மேனேஜர் உள்ளே போய் நீள அட்டை நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். விழுந்தவர் யார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, அப்போது காலில் செருப்பு இருந்ததா, என்ன மாத்திரை சாப்பிட்டிருந்தார், என்ன அடி, யாருக்குத் தகவல் சொன்னார்கள் என்று கோடு போட்டு எழுதியிருக்கிறது. ஆறு மாதத்தில் ஏழு பேர். பெரியம்மா விரலை வைத்து மணிக் கணக்கை மட்டும் ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். “ஏழுல அஞ்சு, நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவுல” என்றாள். அவள் விழுந்ததும் அந்த நேரந்தான்.

“ஆமாங்கம்மா. அதைப் பார்த்த பிறகுதான், மூணரை மணிக்கே ஒரு சுத்து வந்து, எழுந்திருக்கறவங்களை நாங்களே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறோம். அதுக்கப்புறம் இந்த ரெண்டு மாசத்துல ஒண்ணுதான்.”

யாரும் விழுந்ததே இல்லை என்று சொன்ன இடத்தைவிட, ஏழு பேர் விழுந்த இடம் பத்திரமானது என்று அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்குப் பட்டுவிட்டது. ஆனாலும், நோட்டு பகலில் எழுதுவது, ராத்திரி எப்படி? “இன்னிக்கு ராத்திரி விருந்தினர் அறையில் தங்கலாமா?” என்று கேட்டோம். தாராளமாக என்றார். தயங்கியிருந்தால் அப்படியே திரும்பியிருப்போம்.

ராத்திரிச் சாப்பாடு சுமார் ரகம். கோதுமை ரவை உப்புமா, மேலே ஊற்றிக்கொள்ள உப்பில்லாத சாம்பார். பெரியம்மா முகத்தைச் சுளித்தாள். ஆனால், சாப்பிட வைத்த விதத்தைக் கவனித்தேன். படுத்தே இருப்பவர்களை நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னக் கரண்டியால், ஒரு வாய் விழுங்கின பிறகே அடுத்த வாய். படுத்த வாக்கில் ஊட்டினால் புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். குழந்தைக்குப் பால் புகட்டுகிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. சத்தம் போடாமல் தாழ்வாரத்தில் நடந்தேன். சுவரோரம் தரைக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன விளக்குகள். கண்ணைக் கூசவில்லை, கால் வைக்கிற இடம் தெரிந்தது. கோடி அறையில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஒடிசாவிலிருந்து வந்தவள், இருபது வயசு இருக்கலாம். படுக்கையோடு இருக்கிற ஒரு அம்மாளைப் புரட்டப் போகிறார்கள். “பாட்டி, திருப்பறேன். ஒண்ணு… ரெண்டு… மூணு” என்று எண்ணி, மூன்று சொன்னதும் இருவரும் சேர்ந்து. தூங்குகிற பாட்டிக்குக் கேட்டதோ இல்லையோ! முதுகு, இடுப்பெலும்பு, குதிகால் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்து, குதிகாலுக்கு அடியில் தலையணை கொடுத்துத் தூக்கி வைத்து, சுவரில் தொங்கிய தாளில் 2.10 என்று எழுதிக் கையெழுத்து. அதற்கு மேலே 12.05. அதற்கும் மேலே 10.00. இரண்டு மணிக்கொரு தடவை புரட்டினால்தான் படுக்கைப் புண் வராது. என் மாமியாருக்கு அலாரம் வைத்து எழுந்த ராத்திரிகள் நினைவுக்கு வந்து, எனக்குத் தொண்டை அடைத்தது.

“தனியாகத் தூக்க மாட்டாயா?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். “ரெண்டு பேர் இல்லாம தூக்கக் கூடாது, அக்கா. பாட்டிக்கு வலி, எனக்கும் முதுகு போயிடும்” என்றாள், தன் தமிழில். மூன்று வருஷமாக இங்கேதான் இருக்கிறாளாம். காலையில் மேனேஜரிடம் நர்ஸம்மா கேட்ட முதல் கேள்வியும் அதுதான். வேலைக்கு வந்தவர்கள் எத்தனை நாள் நிற்கிறார்கள்? ராத்திரி மூன்று பேரும் ஒரு நர்ஸும்; முக்கால்வாசிப் பேர் இரண்டு வருஷம் தாண்டியவர்கள். மாதா மாதம் முகம் மாறுகிற இடத்தில், எந்தப் பாட்டிக்கு எந்த மாத்திரை, யாருக்குக் காது கேட்காது என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்?

பிறகு பெரியம்மா தன் கணக்கை ஆரம்பித்தாள். முன்பணத்தில் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில்? ராத்திரி நெஞ்சு வலித்தால் யார் முடிவு செய்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது? சொந்த ஆம்புலன்ஸ் இல்லையாம். 108-ஐத்தான் கூப்பிடுகிறார்கள், ஆஸ்பத்திரி பதினைந்து நிமிஷ தூரம். இது ஒரு குறைதான். மறதி வந்தால் வைத்துக்கொள்வார்களா? மறதி முற்றி வெளியே ஓடுகிற நிலை வந்தால் முடியாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம் என்றார் மேனேஜர். படுத்துவிட்டால்? கடைசி வரை இங்கேயே. “செத்துப்போனா?” என்று அவள் கேட்டதற்கு அவர் பதறவில்லை. “யாருக்குச் சொல்லணும், எப்படிச் செய்யணும்னு நீங்களே எழுதிக் கொடுத்துடலாமுங்க. மாத்தணும்னா எப்ப வேணா மாத்திக்கலாம்.” அவள் தலையை ஆட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“மூணு மாசம் இருந்து பார்க்கறேன். ஆடி போகட்டும், ஆவணி முதல் வாரம் வரேன்” என்று சொல்லி ரூபாய் கட்டி, ரசீது வாங்கி, கூட்டிப் பார்த்து, பையில் வைத்துக்கொண்டாள்.

இப்போது அவள் அங்கே போய் நாலு மாதம் ஆகிறது. மூன்று மாதக் கெடு முடிந்தும் திரும்பி வருகிற பேச்சையே காணோம். நான் மாதம் ஒரு தடவை போகிறேன். சொல்லிக்கொண்டு போவதில்லை, ஒரு தடவை சாப்பாட்டு வேளை, ஒரு தடவை விளக்கு வைத்த பிறகு. போனதும் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து, குதிகாலையும் நகத்தையும் பார்த்து, மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிவிட்டுத்தான் பேச்சு. அவளுக்கு இது பிடிக்கவில்லை. “நான் என்ன எல்.கே.ஜி.யா?” என்கிறாள். காட்டாமலும் இருப்பதில்லை.

அறையைப் பகிர்ந்துகொள்கிற மாமியின் குறட்டை பற்றித் தினமும் புகார் உண்டு. சாம்பாருக்கு உப்புப் போட வைக்க நடத்திய போராட்டத்தில் பாதி வெற்றி: ரத்த அழுத்தம் இல்லாதவர்களுக்கு மேஜையில் உப்புக் கிண்ணம் வைக்கிறார்கள். அங்கே மாதம் முதல் தேதி எல்லோரையும் எடை பார்த்து எழுதுவார்கள். இளைப்புதான் முதல் அடையாளம் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். அந்த எடை நோட்டைப் பெரியம்மா தன் கைக்கு வாங்கிக்கொண்டுவிட்டாள். போன மாதம் எதிர்க்கட்டில் அம்மாள் இரண்டரைக் கிலோ குறைந்திருந்தார். கேட்டால் பசியில்லை என்று சொன்னாராம். பெரியம்மா விடவில்லை. நாலு நாள் அவர் தட்டின் எதிரே உட்கார்ந்து கவனித்திருக்கிறாள். பல் செட் தளர்ந்துபோய், மெல்ல முடியாமல், சாதத்தைக் கைக்குட்டையில் துப்பிக்கொண்டிருந்திருக்கிறார் அந்த அம்மாள். சொல்ல வெட்கம். டாக்டர் வந்து, புதுப் பல் செட் ஆகி, இந்த மாதம் முக்கால் கிலோ ஏறியிருக்கிறதாம்.

“மீதி ஒண்ணே முக்கால் கிலோ பாக்கி” என்றாள் போனில். “நீ வரச்சே கால் கிலோ காபிப் பொடி வாங்கிண்டு வா. சிக்கரி கலக்காததா.”